சிக்கெடுக்க வந்தவர்

ஆற்றின் நடுத்திட்டில் ஒரு பள்ளி இருந்தது. காலையில் பனி இறங்கினால் உச்சிப்பொழுது வரைக்கும் விலகாது. தண்ணீர் எது, தரை எது என்றே தெரியாது. வாத்தியார் வேலை பழக நினைப்பவர்கள் பரிசலேறி அங்கேதான் வருவார்கள்.

மாசிலாமணியும் வந்தார். பிள்ளைகளின் மனசைப் பற்றி எழுதிய புத்தகங்களை ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் கரைத்துக் குடித்தவர். என்ன பிரயோசனம்? முன்பு பாடம் சொன்ன ஊரில் ஒரு பிள்ளைகூட அவர் பக்கத்தில் நிற்காது. அந்த வேதனை அவரை அரித்தது. இங்கேயும் தேறாவிட்டால் மாமனாரின் அரிசி மண்டியில் போய் உட்கார வேண்டியதுதான்.

அந்தப் பள்ளியின் குரு நாச்சியார் அவரைவிட வயதில் இளையவர். பிள்ளை மனசை அறிவது எப்படி என்று மாசிலாமணி கேட்டதும், ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்தார். வேணி என்று ஒரு சிறுமி இருக்கிறாள், தலை முழுக்கச் சிக்கு, யாரையும் தொட விடமாட்டாள், அவளுக்கு வாரிவிட்டு வாருங்கள் என்றார்.

இவ்வளவுதானா என்று கிளம்பினார் மனுஷர். சீப்பைக் கண்டதுமே அவள் கத்தி ஊரைக் கூட்டினாள். மிட்டாய் கொடுத்தார், வாங்கித் தின்றுவிட்டு ஓடினாள். அதட்டினார், நாணலுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. பனிக்குள் அவள் சிரிப்பு மட்டும் அங்கும் இங்கும் கேட்கும். நாட்கள் தூக்கத்தில் போவதுபோலப் போயின.

ஒருநாள் மனசு விட்டுப்போய் ஆற்றோரம் உட்கார்ந்து அழுதார். வேணி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவளிடமே கேட்கத் தோன்றியது.

"எப்படி வாரினா வலிக்குது, தாயி?"

"மேலேருந்து இழுத்தா வலிக்கும். நுனியிலேருந்துதான் எடுக்கணும்."

நுனியிலிருந்து எடுத்தார், மெல்ல மெல்ல. பனி அவர்களைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் அவர் முழங்காலில் சாய்ந்து தூங்கியே போனாள். மாசிலாமணிக்கு அசையவே பயமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

இரட்டைச் சடையோடு அவளை நாச்சியாரிடம் கூட்டிவந்தார். பெருமை பிடிபடவில்லை.

"சூட்சுமம் தெரிஞ்சுபோச்சு, அம்மா. எந்தப் பிள்ளையானாலும் நுனியிலேருந்து தொடங்கணும். இனிமே பாடத்தை ஆரம்பிங்க."

நாச்சியார் தலையசைத்தார். உள்ளே போய் வேறொரு சிறுமியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். அவள் விசும்பிக்கொண்டிருந்தாள். கோயிலில் முடியிறக்கி வந்த தலை, சந்தனம் பூசிய மொட்டை.

மாசிலாமணி கையிலிருந்த சீப்பைப் பார்த்தார்.

"இவ பேரு பொன்னி," என்றார் நாச்சியார். "எங்கேருந்து தொடங்கப் போறீங்க?"