பனி மூடிய கட்டம்

நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடி ஊர். மீன் காயப்போடும் மரப்பந்தல்களைவிட உயரமான கட்டடம் அங்கே கிடையாது. அந்த ஊருக்கு நீர்க்காகங்கள் என்றொரு கால்பந்துக் கழகம் இருந்தது. ஊர் முழுக்கத் திரண்டு வந்தாலும் மைதானத்தில் இருக்கைகள் மிஞ்சும். அப்படிப்பட்ட கழகம் அந்த வருடம் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் வென்றுகொண்டே போனது.

முதலில் ஒரு அணி வந்து தோற்றது. குளிர் என்றார்கள். அடுத்த அணி தோற்றது. காற்று என்றார்கள். பிறகு நீர்க்காகங்கள் வெயில் அடிக்கும் ஊர்களுக்குப் போயும் வென்றன. சொல்லக் காரணம் கிடைக்காத பத்திரிகைக்காரர்கள் ஊரிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள்.

பயிற்சியாளர் பெயர் இன்பராசா. சின்ன வயதில் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து தகப்பனோடு வந்து, மீன் தொழிற்சாலைக்குப் பின்னால் பந்தடித்து வளர்ந்தவர். துணைப் பயிற்சியாளன் மரியநேசன் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். அந்தத் தொழிற்சாலையில் கத்தி பிடித்துக் கை காய்த்தவன். ஆனாலும் மூத்தவன் இளையவரை மாஸ்டர் என்பான். இளையவர் அவனை அண்ணை என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்துக்கு முன் பனியை இயந்திரம் அள்ளாது. ஆடுகிறவர்கள்தான் பனிவாரும் சவள் எடுத்து அள்ள வேண்டும். அதிலும், அவனவன் ஆடும் இடத்தை அவனவன். கோல் வாசலைக் காப்பாளன் எய்னார் அள்ளுவான். வலது ஓரத்தை அங்கே ஓடும் தூரே அள்ளுவான். ஒருவன் இடத்தில் இன்னொருவன் உதவிக்குக்கூடச் சவள் வைக்கக் கூடாது. கழகம் பேரெடுத்த பிறகு நகரசபை ஒரு புது இயந்திரத்தை அனுப்பியது. "கார் விடுற இடத்தைத் துப்புரவாக்கட்டும்" என்று மாஸ்டர் திருப்பிவிட்டார்.

பிள்ளைகள் அள்ளும்போது மரியநேசன் தேநீர்க் குவளையோடு நின்று மேற்பார்வை பார்ப்பான். அவனுக்கென்று இடம் எதுவும் இல்லை.

காலிறுதிக்குத் தெற்கிலிருந்து ஒரு பெருநகர அணி வந்தது. இங்கே ஒரு ஆட்டம், அவர்கள் ஊரில் ஒரு ஆட்டம். இரண்டிலும் விழும் கோல்களைக் கூட்டித்தான் வெற்றி. இங்கே நடந்ததில் நீர்க்காகங்கள் ஒரு கோல் போட்டு வென்றன. ஆனால் பயிற்சியாளருக்கென்று போட்டிருக்கும் கட்டத்தைத் தாண்டி வந்து கத்தினார் என்று மாஸ்டருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்கள். முன்பு வாங்கியவையும் சேர்ந்து அடுத்த ஆட்டத்துக்குத் தடை ஆகிவிட்டது. உடைமாற்றும் அறைக்குள் போகக் கூடாது. அணியோடு பேசவும் கூடாது.

அணி மரியநேசன் கைக்கு வந்தது. இத்தனை வெற்றியும் தன் கையில் வந்துதானா உடைய வேண்டும் என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் றோஸ்மேரி பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வெண்டால் பிளேனில வாங்கோ. தோத்தால் மீன் கப்பல்ல வாங்கோ. சனம் பாக்காது."

புறப்படும் நாள் காலையில் அவன் மாஸ்டரைத் தேடி மைதானத்துக்குப் போனான். அவர் கோட்டோரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து சப்பாத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ அண்ணை."

"அங்கை பின்னுக்குப் போனமெண்டால், இடைவேளையில நான் பொடியளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

மாஸ்டர் எழுந்து போய் ஒரு சவளை எடுத்துவந்து அவனிடம் நீட்டினார்.

"மச் அங்கையெல்லோ நடக்கப்போகுது, மாஸ்டர். அங்கை பனியே இல்லை."

"ஓம். இஞ்சை இருக்குது."

"நான் எந்த இடத்தை அள்ளுறது? எனக்கு இடமில்லையே."

மாஸ்டர் வாங்குக்கு முன்னால் கையைக் காட்டினார். பயிற்சியாளர் நிற்கும் கட்டம். முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது.

அப்போதுதான் மரியநேசனுக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தை அவன் ஒருநாளும் யாருக்கும் பிரித்துக் கொடுத்ததில்லை. அங்கே யாரும் பந்தடிப்பதில்லை. ஆனாலும் ஆட்டத்தன்று அது எப்போதும் துப்புரவாக, நாலு பக்கக் கோடும் பளிச்சென்று தெரியக் கிடக்கும்.

"இதை ஆர் மாஸ்டர் அள்ளுறது?"

"போன மச் வரைக்கும் நான்."

"நான் காணேல்லையே."

"நீங்கள் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிண்டியள்."

மரியநேசன் அள்ளினான். மேலே இருந்தது பஞ்சு போல வந்தது. அடியில் இருந்தது கல். சவள் விளிம்பால் கொத்தினான். முதுகு பிடித்தது. ஒரு கோட்டைக் கண்டுபிடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முதல் கோட்டின் மேல் புதுப்பனி விழுந்தது.

"அள்ள அள்ள மூடுது, மாஸ்டர்."

"ஓம். மூடும்."

அவன் திரும்பப் போய் முதல் கோட்டிலிருந்து தொடங்கினான். நாலு கோடும் ஒரே நேரத்தில் தெரிந்தபோது கையில் உணர்வே இல்லை.

"நான் கேட்டதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

"பிளேனுக்கு நேரமாச்சுது அண்ணை."

"நீங்கள் வரேல்லையோ? கதைக்கத்தானே கூடாது. மேல சனத்தோடை இருந்து பாக்கலாமே."

"நான் மேல இருந்தால் நீங்கள் மேலதான் பாப்பியள்."

தெற்கே வெயில் எறித்தது. மைதானம் கிண்ணம் போல் உயர்ந்து, நிறையச் சனம். மீன் மணக்கும் அணி என்று கேலி பண்ணுவதற்காகக் காய்ந்த மீன்களை வாலில் பிடித்து ஆட்டினார்கள். ஆயிரக்கணக்கான மீன்கள் ஆடுவதை எய்னார் வாய்திறந்து பார்த்தான்.

"அதைப் பார்க்காதே. சரியாகக் காயாத மீன். ஈ மொய்க்கும்" என்றான் மரியநேசன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நீர்க்காகங்களின் வலையில் கோல் விழுந்தது.

மரியநேசன் எழுந்தான். தூரேயைப் பின்னால் போகச் சொன்னான். பின்னால் போனவனை, ஏன் போனாய், மேலே ஏறு என்றான். எய்னாரை வலப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான். நடுவில் ஆடுபவனை இடது ஓரத்துக்கு அனுப்பினான். தொண்டை கட்டியது, நிறுத்தவில்லை. பந்து தூரேயிடம் வந்தபோது தூரே பந்தைப் பார்க்கவில்லை, மரியநேசனைப் பார்த்தான். அந்தக் கணத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு போன எதிரணிக்காரன் இரண்டாவது கோலைப் போட்டான்.

மைதானம் இடிந்துவிழுவது போல் சத்தம். மீன்கள் ஆகாயத்தில் பறந்தன. இப்போது கூட்டுக்கணக்கில் நீர்க்காகங்கள் ஒரு கோல் பின்னால்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கோட்டோரமாக நிற்கும் நாலாவது நடுவர். அவர் தரையைக் காட்டினார்.

மரியநேசன் குனிந்து பார்த்தான். அவனுடைய கட்டம் எங்கோ பின்னால் கிடந்தது. அவன் சப்பாத்து இரண்டும் கிட்டத்தட்டத் தூரே ஓடும் இடத்தில் நின்றன.

அவன் நடந்து திரும்பினான். அங்கே அள்ளுவதற்குப் பனி இல்லை. பச்சைப் புல்லில் வெள்ளைக் கோடு. அதற்கு உள்ளே வந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றான். வாய்க்குள் வந்ததையெல்லாம் விழுங்கினான். இடைவேளைக்கு ஊதும்வரை அப்படியே நின்றான்.

உடைமாற்றும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"என்ன மாற்றப்போகிறீர்கள்?" என்று எய்னார் கேட்டான்.

"ஒன்றும் இல்லை. உங்கள் எல்லாருடைய இடத்திலும் நான் சவள் வைத்துவிட்டேன். எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்."

அவன் தூரேயின் பக்கம் திரும்பினான்.

"தூரே, வலது ஓரத்தை யார் அள்ளுவது?"

"நான்."

"அங்கே யாராவது உதவிக்கு வரவேண்டுமா?"

தூரே முதல் முறையாகச் சிரித்தான். "வந்தால் காலை உடைப்பேன்."

"அப்படியானால் போய் அள்ளு."

இரண்டாம் பாதியில் அவர்கள் அவசரப்படவில்லை. தள்ளிக்கொண்டே போனார்கள். பந்து பறிபோகும், திரும்ப எடுப்பார்கள். மறுபடி பறிபோகும், மறுபடி எடுப்பார்கள். வலது ஓரத்தில் தூரே மூன்று பேரைத் தாண்டிக் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்தது. கணக்குச் சமன். மீன்கள் கீழே இறங்கின. ஆட்டம் முடியும் தறுவாயில், அதே ஓரத்திலிருந்து வந்த பந்தை ஒருவன் தலையால் முட்டினான். அதுவும் உள்ளே.

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினார்கள். மரியநேசனின் காலும் துடித்தது. கோட்டைப் பார்த்தான். நின்றான். மிச்ச நேரத்தில் எய்னார் இரண்டு தரம் பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்தான். அவன் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

விமானத்தில்தான் வந்தார்கள். துறைமுகத்திலிருந்த படகுகள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. றோஸ்மேரி கூட்டத்துக்குள் நின்று, "கப்பலை வேண்டாமெண்டு சொல்லியாச்சுது" என்றாள். மரியநேசன் அவள் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு நடந்தான்.

அவன் அள்ளிவிட்டுப் போன கட்டம் பனியால் மூடிக் கிடந்தது. சவளை அதன் நடுவில் குத்திவைத்துவிட்டு, மாஸ்டர் வாங்கில் குந்தியிருந்தார்.

"வாங்கோ அண்ணை."

"பாத்தியளோ மாஸ்டர்?"

"கொஞ்சம் பாத்தனான்."

"கொஞ்சமோ?"

"நீங்கள் வெளியில நிண்டு துள்ளினதைப் பாத்தனான். பிறகு உள்ளுக்கை வந்து நிண்டியள். அதோடை ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திட்டன்."

மரியநேசன் சவளைப் பிடுங்கப் போன கையை எடுத்தான்.

"மாஸ்டர், அந்த நேரம் நாங்கள் ரெண்டு கோல் வாங்கிக்கொண்டெல்லோ நிண்டனாங்கள்."

"கோலை ஆர் பாத்தது?" என்றார் மாஸ்டர். "நான் உங்கடை சப்பாத்தைத்தானே பாத்துக்கொண்டிருந்தனான்."