பின்பக்கம் வரைந்த கார்

மேகலாவுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சாதிக், அவளைவிட நாலு வயது சின்னவன். திருச்செங்கோட்டில் லாரிகளுக்கு மயிலும் தாமரையும் வரைகிறவன். அவள் அவனை மாஸ்டர் என்பாள், அவன் அவளை அக்கா என்பான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்றைக்கு இடுப்பில் குழந்தையும் கையில் சுருட்டிய படமுமாகப் பட்டறைக்கு வந்தாள். படத்தை விரித்தாள். தெருக்கோடி தெய்வசிகாமணி ஐயாவின் பழைய பிளஷர் கார். உருண்டை விளக்கு, பாசிப்பச்சை உடம்பு, முகம் பார்க்கலாம் போல பம்பர்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வலி கண்ட அன்று, ஆம்புலன்ஸ் ஓடைத் தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மேட்டுப் பாதையாகச் சுற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது இந்தக் கார்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஐயா மகளோடு இருக்க மும்பைக்குப் போகிறார். காரையும் விற்றாயிற்று. அதற்குள் இந்தப் படத்தை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆனால் எத்தனை தடவை வரைந்தாலும் காலண்டர் தாள் மாதிரியே வந்து நிற்கிறது.

"கார் அச்சு அசலா இருக்கு மாஸ்டர். நன்றி சொல்ற மாதிரி இல்லையே. எங்க தப்பு பண்றேன்?"

சாதிக் படத்தைப் பார்த்தான். "அன்னைக்கு வண்டி சாவி போட்டதும் கிளம்பிடுச்சாக்கா?"

மேகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என்றைக்கு அப்படிக் கிளம்பியிருக்கிறது? ஐயா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கெஞ்ச, தெருவே சேர்ந்து தள்ளித்தான் கிளம்பியது. யார் யார் தள்ளினார்கள் என்று அவன் கேட்டான். பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

பட்டறை வாசலில் பேட்டரி இறங்கிப்போய், புழுதி மூடிய வேன் ஒன்று நின்றது. சாதிக் அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வேனைக் காட்டினான்.

"போய் ஒரு கை கொடுங்கக்கா."

பட்டறை ஆட்களோடு சேர்ந்து அவளும் தள்ளினாள். வேன் இருமி, உறுமி, நாலடி போய் நின்றது. பின்கதவுப் புழுதியில் உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அதில் வளையல் இடித்த தடத்தோடு ஒன்று அவளுடையது. மேகலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாய் அகலத் துணியில் புதிதாக வரைந்தாள். இந்தத் தடவை காரின் பின்பக்கம். மண்நிற வண்ணத்தைக் கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு, அன்றைக்குத் தள்ளியது யார் என்று வீடு வீடாக விசாரித்தாள். அரிசிக்கடைக்காரர் கை பதித்தார். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இரட்டையர்கள் பதித்தார்கள். குழாயடியில் அவளோடு மல்லுக்கு நிற்கும் பாப்பாத்தியக்கா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"எனக்கு நடுவுல இடம் விடு. மத்தவனுக எல்லாம் சும்மா தொட்டுக்கிட்டு நின்னானுக."

அவள் தள்ளியது மேகலாவுக்கு இத்தனை நாளும் தெரியாது. நடுவில்தான் இடம் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஐயா வீட்டு வாசலில் வண்ணக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மேகலாவும் சாதிக்கும் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்தார்கள். தெய்வசிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்தார். யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன், சாமி. பின்னாடி இத்தனை பேர் இருந்ததை இப்பத்தான் பார்க்கிறேன்."

அவர் விரல் கீழ் ஓரத்தில் ஒரு வெற்றிடத்தில் வந்து நின்றது. இது யாருக்கு என்று கேட்டார்.

மேகலா மாஸ்டரைப் பார்த்தாள். தெருவை இரண்டு தடவை சுற்றியாகிவிட்டது, அந்த இடத்துக்குக் கை பதிக்க, தள்ளியவர் வேறு யாரும் கிடைக்கவில்லை. அங்கே காரின் பின்விளக்கு ஒன்றைச் சின்னதாக வரைந்து மூடிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

சாதிக் துணியின் முனையை ஐயா கையில் கொடுத்தான். மேகலாவின் இடுப்பிலிருந்த குழந்தையின் உள்ளங்கையை வண்ணக் கிண்ணத்தில் முக்கினான்.

"இவ எங்க தள்ளினா மாஸ்டர்? இவளுக்காகத்தானே எல்லாரும் தள்ளினாங்க."

சின்னக் கையைத் துணியில் வைத்து அழுத்திக்கொண்டே சாதிக் சொன்னான்:

"அடுத்த வண்டிக்கு ஆள் வேணுமேக்கா."