மூச்சு பார்த்த கேஜ்

“மாஸ்டர், இதுக்கு உயிர் போயிடுச்சு! கேஜே சொல்லுது!”

அருள்தாஸ் போட்ட சத்தத்தில், கடை வாசலில் காத்திருந்த சாந்தப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

உட்காராமல் என்ன செய்வான்? கோத்தகிரி மலைப்பாதையில் ராத்திரி அடித்த காற்றில் மரம் குறுக்கே விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் கல்யாண வேனில் அவன் மகள். இந்தப் பக்கம் மண்டபம். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. மரம் அறுக்கிற மெஷின் என்று அந்த வட்டாரத்தில் இருந்ததே அவனுடையது ஒன்றுதான். அதுவும் கிளம்பமாட்டேன் என்று அடம் பிடித்தது.

அருள்தாஸ் லாரி மெக்கானிக்காக இருந்து நரைத்தவர். சின்ன இன்ஜின் வேலை பழக இப்போதுதான் அந்தக் கடையை நடத்தும் தங்கமலரிடம் சேர்ந்திருந்தார். வயதில் அவள் இளையவள். இருந்தாலும் வாய் நிறைய ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்.

“எங்கே, கேஜைக் காட்டுங்க அண்ணே” என்றாள்.

அடடா, இதற்காகத்தானே காத்திருந்தார்! இன்ஜினுக்குள் காற்று அமுங்குவதை அளக்கிற அந்த மீட்டரை முந்தின நாள்தான் வாங்கி வந்திருந்தார்.

“முகப்பைப் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு கணக்கா! குழாய் முழ நீளம்! கடைக்காரர் குட்டியா ஒண்ணு காட்டினார். பிளக் துளையில மாட்டுற நுனியிலேயே வால்வு, குழாயே கிடையாது. நானா ஏமாறுவேன்? பெருசாப் பார்த்து எடுத்தேன்.”

“என்ன காட்டுது?”

“நூத்தைம்பது காட்டணும். எழுபதைத் தாண்டல. உள்ளே அமுக்கமே இல்ல மாஸ்டர். பிஸ்டன் அவுட்டு!”

தங்கமலர் மெஷினிலிருந்து கேஜைக் கழற்றினாள். பழைய பிளக் பெட்ரோலில் நனைந்து கிடந்தது; அதில் பொறி எப்படிக் கிளம்பும்? புதுசு மாட்டினாள். சுவிட்சை அணைத்தாள்.

பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து, மொத்த மெஷினையும் அந்தரத்தில் தொங்கவிட்டாள்.

“செத்த மெஷினா இருந்தா?”

“கிணத்து வாளி மாதிரி சர்ருனு இறங்கிடும்.”

மெஷின் இறங்கவில்லை. நின்றது. கொஞ்சம் இறங்கியது. மறுபடி நின்றது. உள்ளே அமுங்கிய காற்று அதைத் தாங்கிப் பிடித்தது.

அருள்தாஸ் கேஜைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார். “அப்போ என் கேஜ் பொய்யா சொல்லுது?”

“அது எதுக்கு அண்ணே பொய் சொல்லணும்?”

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, அதில் தண்ணீர் ஊற்றினாள். “இந்த மெஷின் இழுத்த காத்தையெல்லாம் அமுக்கி வைக்கிற இடம் ஏறக்குறைய இவ்வளவுதான்.”

கேஜின் குழாயைக் கழற்றி, இரண்டு முனையும் மேலே நிற்க வளைத்து அவர் கையில் கொடுத்தாள். “ஊத்துங்க.”

ஊற்றினார். ஒரு மூடி தண்ணீரும் உள்ளே போனது. குழாய் நிறையவில்லை.

இன்னொரு மூடி. அதுவும் போனது.

அவர் குழாயைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

“ஐயையோ! அது விட்ட மூச்சைப் பாதி வழியிலேயே இது முழுங்கிடுச்சா!”

குழாய் பறந்து ஒரு மூலையில் விழுந்தது. “ஏய் சாந்தப்பா, எந்திரிய்யா! கண்ணைத் துடை!” சுவிட்சைப் போட்டார், மெஷினைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

இருமியது.

இன்னொரு இழுப்பு. கடைத் தகரமே அதிர்ந்தது!

சாந்தப்பன் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. மெஷினைப் பறித்துக்கொண்டு சரிவில் ஓடினான். கொஞ்ச நேரத்தில் மரத்தை அறுக்கிற இரைச்சல் மேலே வந்தது. அதோடு வேன்காரன் விடாமல் அடித்த ஹாரன், பெண்களின் குலவை.

அருள்தாஸ் குழந்தையைப் போலச் சிரித்தார். பிறகுதான் மூலையில் கிடந்த குழாய் கண்ணில் பட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

“இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டுடவா மாஸ்டர்?”

தங்கமலர் குழாயை எடுத்துத் தண்ணீரை உதறினாள். துடைத்து, கேஜோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து, அவரிடமே நீட்டினாள்.

“பெரிய கார் இன்ஜின் வந்தா எடுங்க.”