உப்புப் போடாத கொள்ளு

காவிரிக் கரையில், கொடுமுடிக்குச் சற்று மேற்கே ஒரு சிலம்பக் கூடம் இருந்தது. தமயந்தி அதன் ஆசான். வயது இருபத்தொன்பது. அவரிடம் கற்றுக்கொண்ட பத்தொன்பது பேரில் வயதில் மூத்தவர் கோகிலவாணி. நாற்பத்திரண்டு வயது, கிளை நூலகத்தில் வேலை. ஆசான் அவரை அக்கா என்பார். அவர் ஆசானை ஆசானே என்பார்.

கோகிலவாணி சேர்ந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. கால் வரிசை நன்றாக வந்துவிட்டது. ஆனால் மூன்று நாளாக, பயிற்சி முடிவதற்குள் கை நடுங்கியது. அன்று கம்பே நழுவி விழுந்தது.

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?" என்றார் ஆசான்.

"வேக வெச்ச கொள்ளு. அரைக் கிண்ணம்."

"நேத்து மத்தியானம்?"

"அதேதானுங்க. கூட வெள்ளரிக்காய்."

"ராத்திரி?"

கோகிலவாணி குனிந்து கம்பை எடுத்தார்.

பக்கத்தில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்த லாரி மெக்கானிக் ரபீக் எட்டிப் பார்த்தார். "உப்பாச்சும் போடுவீங்களாக்கா?"

"உப்பெல்லாம் இப்ப சேத்தறதில்லீங்க."

"எங்க மாமா வண்டி மாட்டுக்கே கொள்ளுல உப்புப் போட்டுத்தான் வெப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தார். ஆனால் மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவர் கிளம்பவில்லை.

"ஆசானே, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்கக்கா."

"இதுக்கு முன்னாடி மூணு தடவை ஆரம்பிச்சிருக்கேன். யோகா, ஜிம், ஓட்டம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் வாயைக் கட்டுவேன். அப்புறம் ஏதாவது கல்யாண வீட்டுல ஒரு லட்டு. ஒண்ணு நாலாயிரும். அடுத்த நாள் வெக்கத்துல பயிற்சிக்குப் போக மாட்டேன். அதோட சரி. இன்னும் பத்து நாள்ல இங்கேயும் ரெண்டு மாசம் ஆயிருமுங்க. பயமா இருக்குது. இதையும் விட்டுட்டா மறுபடி எங்கேயும் போய் நிக்க மாட்டேன். விடாம இருக்க நான் என்ன பண்ணணும்?"

ஆசான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"இந்த ஞாயிறு சமையல் முறை உங்களுது."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் எல்லோருக்கும் சமைத்து வர வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். சமைத்தவர் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.

"என்ன சமைக்கட்டுங்க?"

"நீங்க தினம் சாப்பிடறதையே செஞ்சு கொண்டு வாங்க."

சனிக்கிழமை முழுவதும் கோகிலவாணிக்கு வேலை ஓடவில்லை. ஆறு புத்தகங்களில் தப்புத் தேதி முத்திரை குத்தினார்.

ஞாயிறு விடியற்காலையில் பெரிய குக்கரில் கொள்ளு வெந்தது. தன் பங்கை அரைக் கிண்ணம் அளந்து டப்பாவில் போட்டுக்கொண்டார். மீதியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். ஐம்பது நாளாகத் தின்பதுதான். ஆனால் இதை ரபீக் தட்டில் எப்படிப் போடுவது? தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் பயிற்சிக்கு வரும் கவுசல்யாவுக்கு?

முதலில் உப்பு மட்டும் போட்டார். பிறகு அதோடு நிற்க முடியவில்லை. சீரகம், பூண்டு, மல்லி, வரமிளகாய் எல்லாம் வதக்கினார். சின்ன வெங்காயம் உரித்தார். ஆசான் பேச்சை மீறுகிறோமே என்று பயந்தார். ஆனாலும் கொள்ளைக் கடைந்து, தாளித்துக் கொட்டி, ராகிக் களியும் கிண்டி இறக்கினார்.

பயிற்சி முடிந்து எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோகிலவாணி களி உருண்டையைக் குழித்து, கடையலை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே போனார். எண்ணெய் ஊற்றும் போதெல்லாம் ஆசானின் முகத்தைப் பார்த்தார். ஆசான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாட்டுப் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன்க்கா. இன்னொரு கரண்டி," என்றார் ரபீக்.

இரண்டாம் முறை வாங்கியவர்கள் மூன்றாம் முறை கேட்கவில்லை. வயிறு நிறைந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். பாத்திரத்தில் இன்னும் களி இருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததைக் கோகிலவாணி வியப்போடு கவனித்தார்.

பிறகு ஆசானிடம் போனார். "மன்னிச்சுக்குங்க ஆசானே. நீங்க சொன்னபடி செய்யலை. உப்பு, தாளிப்பு எல்லாம் போட்டுட்டேன்."

"ஏங்கக்கா?"

"ரெண்டு மணி நேரம் கம்பு சுத்திட்டுப் பசியோட வந்து உக்காருறாங்க. அவங்களுக்கு எப்படிங்க வெறும் கொள்ளைப் போடறது? பாவமில்லீங்களா?"

ஆசான் எதிரே இருந்த இடத்தைக் காட்டினார். "உக்காருங்க. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க."

கோகிலவாணி உட்கார்ந்தார். பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அரைக் கிண்ணம் உப்பில்லாத கொள்ளு.

"அது யாருக்குங்கக்கா?"

"எனக்குத்தானுங்க ஆசானே."

"நீங்களும் ரெண்டு மணி நேரம் கம்பு சுத்தினீங்கதானே?"

கோகிலவாணி தலையாட்டினார்.

"அப்புறம் இந்த ஒரு பொம்பளை மேல மட்டும் உங்களுக்கு என்னக்கா கோபம்?"