கவர்னரின் முகம், கசாப்புக்காரரின் கை

அமெரிக்கா விடுதலை பெற்று அதிக காலம் ஆகவில்லை. பிலடெல்ஃபியாவில் ஹன்னா என்ற ஓவியர் இருந்தார். அவருடைய சீடர் சைலஸ், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அதனால் என்ன, கற்றுக்கொள்ள வந்தாயிற்று. அதற்குமுன் மது விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார்.

சட்டசபையில் மாட்டுவதற்குக் கவர்னர் பிரென்டனை வரையும் வேலை சைலஸுக்குக் கிடைத்தது. பெரிய மனிதர்கள் முகத்துக்கு மட்டும்தான் வந்து உட்காருவார்கள். கோட்டுக்கும் கைக்கும் அதே உடல்வாகுள்ள வேறு ஆளைப் பிடிக்க வேண்டும். கசாப்புக்கடை மைக்கா கவர்னரின் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை பிரமாதமாக வந்துவிட்டது. முகம்தான் பிடிவாதம் பிடித்தது. சைலஸ் வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார்.

சட்டசபை உறுப்பினர் ஒருவர் வந்து பார்த்தார். "எந்த விடுதிக்குப் பலகை இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சைலஸ் கூனிக்குறுகிப் போனார். கவர்னர் இன்னும் ஒரே ஒரு தடவைதான் வருவார். அன்றும் முகம் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். சைலஸ் பழையபடி ஏணியும் பலகையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து சைலஸ் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா, மூக்கு சரியா இருக்கு, கண்ணு சரியா இருக்கு. உயிர்தான் இல்லை. மைக்கா கைக்கு வந்த உயிர் இந்த முகத்துக்கு ஏன் வரமாட்டேங்குது?"

"முதல்ல உட்காருங்க. எனக்குத் தலை சுத்துது," என்றார் ஹன்னா.

சைலஸ் உட்காரவில்லை.

கவர்னர் வந்தார். நாற்காலியில் அமர்ந்து கழுத்தை நிமிர்த்தினார், தாடையை உயர்த்தினார். உடனே சைலஸும் விறைத்து நின்றார்.

"ஐயா, கோட்டைக் கழற்றுங்க," என்றார் ஹன்னா.

சைலஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா! என்ன இது?"

"கோட்டுக்குத்தான் மைக்கா இருக்காரே."

கவர்னர் முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கழற்றிக் கொடுத்தார். ஹன்னா அதைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தார்.

கவர்னரின் சட்டை முழங்கையில் ஒரு கிழிசல். வெள்ளைத் துணியில் நீல நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அவர் சட்டென்று அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"என் மகள் தைச்சது. தையலே வராது அவளுக்கு," என்றார். அந்தத் தையலை விரலால் தடவினார். "போன மாசம் கல்யாணமாகிப் போயிட்டா. வீட்டுல சத்தமே இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தாடை தானாக இறங்கியிருந்தது.

சைலஸ் அசையாமல் பார்த்தார்.

"அம்மா," என்று கிசுகிசுத்தார். "இந்த முகம் இத்தனை நாள் எங்கே இருந்தது?"

"கையை வரைஞ்சப்போ யாரைப் பார்த்தீங்க?"

"மைக்காவை."

"முகத்தை வரைஞ்சப்போ?"

"கவர்னரை."

"கவர்னர் கோட்டோட போயிட்டார்," என்றார் ஹன்னா. "உட்கார்ந்திருக்கிறவரும் எழுந்து போறதுக்குள்ள வரைங்க."