சருகுமானும் மூன்று சொல் பந்தயமும்

ஒரு காட்டில் கோடை வந்துவிட்டால் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் இருக்கும். எல்லோரும் ஒன்றாக இறங்கினால் சுனை சேறாகிவிடும். அதனால் அந்தக் காட்டு விலங்குகள் முறை வைத்துத் தண்ணீர் குடித்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. முயலின் முறையில் யானைகூட எட்டிப் பார்க்காது.

அந்தக் காட்டில் எல்லோருக்கும் கால்பந்துப் பைத்தியம். கொடியால் பின்னிய பந்து, மூங்கிலால் கோல் கம்பம், நடுவராக ஆள்காட்டிக் குருவி. மேட்டுத் திடலில் மான்களும் காட்டெருமைகளும் ஆடும்போது காடே திரண்டு வரும். கீழே, மலையடிவாரத்துப் பள்ளத் திடலில் தவளைகளும் உடும்புகளும் ஆடும். அதைப் பார்க்க ஓர் ஈகூட வராது.

அங்கே தந்திரக்கார மரநாய் ஒன்று இருந்தது. அத்தி மரக் கிளையில் படுத்துக்கொண்டே அது பந்தயம் நடத்தியது.

"ஒரே ஆட்டத்தைப் பற்றி மூன்று சொல் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு மடங்கு; மூன்றும் பலித்தால், நீங்கள் பந்தயம் வைத்த தண்ணீர் முறை எட்டு மடங்காகத் திரும்பி வரும். ஒன்று பொய்த்தாலும் உங்கள் முறை கோடை முடியும்வரை எனக்கு" என்றது.

எட்டு மடங்கு என்றதும் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. கரடி வந்தது, முயல் வந்தது, காட்டுக்கோழி வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தோற்றுப் போனார்கள். கோடை பாதி கழிவதற்குள் இருபத்தைந்து முறைகள் மரநாயிடம் சேர்ந்துவிட்டன. காலையில் தெளிந்த தண்ணீரை மரநாய் பழத்துக்கும் தேனுக்கும் விற்றது. வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றாக இறங்கிக் கலக்கியதால், மாலை முறைக்காரர்கள் போகும்போது சுனையில் சேறுதான் மிஞ்சியது.

ஒருநாள் சருகுமான் குடும்பத்தின் காலை முறையும் போனது. அப்பா சருகுமான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு கோலில் போயிற்று, மகளே."

மகள் சருகுமான் பயந்த சுபாவம். ஓர் இலை விழுந்தால்கூட எங்கிருந்து விழுந்தது என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். அது மெல்லக் கேட்டது: "நீங்கள் என்ன மூன்று சொல் சொன்னீர்கள், அப்பா?"

"மான் அணி ஜெயிக்கும் என்றேன். காட்டெருமைகளின் தலைவன் கொம்பன் இரண்டு கோல் போடும் என்றேன். மொத்தத்தில் நான்கு கோலுக்கு மேல் விழாது என்றேன். முதல் இரண்டும் அப்படியே பலித்தன. மான் அணி மூன்று, எருமை அணி இரண்டு. பாழாய்ப்போன அந்த ஐந்தாவது கோல் மட்டும் விழாமல் இருந்திருந்தால்…"

மகள் தரையில் நெல்லிக்கொட்டைகளைப் பரப்பியது. "கொம்பனுக்கு இரண்டு கொட்டை. அதற்குப் பிறகும் மான்கள் ஜெயிக்க எத்தனை வேண்டும்?"

"மூன்று."

"எண்ணிப் பாருங்கள்."

அப்பா எண்ணியது. மறுபடியும் எண்ணியது. ஐந்துக்குக் கீழே வரவே இல்லை.

"இது ஒரு கோலில் போகவில்லை அப்பா. நீங்கள் சொன்னபோதே போய்விட்டது."

"எனக்கு மான்களைப் பிடிக்கும். கொம்பனையும் பிடிக்கும். நான்கு எனக்கு ராசியான எண். அதனால்தான்…" என்று இழுத்தது அப்பா. பிறகு, "இது மரநாய்க்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்டது.

"தெரியாமலா தலையாட்டியிருக்கும்?"

அம்மா சருகுமான் பக்கத்தில் படுத்திருந்தது. அதன் வயிற்றில் குட்டி. அதற்குச் சேற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. வேறு காட்டுக்குப் போகலாமென்றால் நடுவில் சிறுத்தைகள் திரியும் கணவாய். அவ்வளவு தூரம் நடக்க அதனால் முடியாது. காலை முறையை மீட்டே ஆக வேண்டும்.

மகள் சருகுமானுக்கு அன்று முழுவதும் ஒரே யோசனை. 'அப்பா சொன்ன மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. அப்படியானால், ஒன்றையொன்று கைபிடித்து நடக்கிற மூன்றும் எங்காவது இருக்க வேண்டும்.'

மேட்டுத் திடலில் அதைத் தேட முடியாது. அங்கே நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்தையும் மரநாய் கண்கொட்டாமல் பார்க்கும். எந்த மானுக்குக் கால் வலி என்பதுகூட அதற்குத் தெரியும். பள்ளத் திடலுக்கு மட்டும் அது போனதே இல்லை. "தவளை ஆட்டமா? அங்கே எந்தச் சொல்லுக்கும் மூன்று மடங்கு. மூன்றும் பலித்தால் மும்மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு" என்று கிளையில் படுத்தபடியே சொல்லிவிடும்.

மறுநாள் விடியும் முன்பே சருகுமான் பள்ளத் திடலுக்குப் போய்ச் சருகுக் குவியலுக்குள் உட்கார்ந்தது. தவளைகளின் தலைவி பச்சைத் தவளை அதைப் பார்த்துவிட்டது.

"ஏம்மா, வழி தவறி வந்துவிட்டாயா?"

"இல்லை, ஆட்டம் பார்க்க வந்தேன்."

"எங்கள் ஆட்டத்தையா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?"

சருகுமான் தினமும் போனது. ஒன்பது ஆட்டங்கள் பார்த்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மரப்பட்டை. எப்போது கோல் விழுந்தது, யார் போட்டார்கள், வெயில் எதுவரை வந்திருந்தது என்று எல்லாவற்றையும் குளம்பால் கீறி வைத்தது.

முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லை. நாலாம் நாள் ஏதோ தென்பட்டது. ஆறாம் நாள் அது தெளிவாகிவிட்டது.

ஆட்டம் விடியலில் தொடங்கும். அப்போது மலையின் நிழல் திடலை மூடியிருக்கும். புல்லெல்லாம் பனி. தவளைகள் ஈரத்தோடு துள்ளும். உடும்புகளோ குளிரில் விறைத்துப்போய்க் கட்டை மாதிரி நகரும். முதல் கோலைத் தவளைகள் போட்டுவிடும். இடைவேளை முடியும்போது சூரியன் மலைக்கு மேலே வந்துவிடும். வெயில் பட்டதும் உடும்புகளுக்கு உயிர் வரும். தவளைகளின் தோல் காய்ந்து கால் எழாது. அதன் பிறகு அவை ஒரு கோல்கூடப் போடாது. உடும்புகள் அடித்து ஜெயித்துவிடும். இந்த மூன்றையும் செய்வது ஒரே சூரியன்தான்.

ஆனால் ஒன்பதில் ஓர் ஆட்டம் அப்படி நடக்கவில்லை. அன்று தவளைகள்தான் ஜெயித்தன. சருகுமானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதில் வெயிலுக்கான கீறலே இல்லை. அன்று வானம் மேகமாக இருந்தது.

வீட்டில் அது எதையும் மறைக்கவில்லை. "அம்மா, எட்டு நாள் பலித்தது. ஒரு நாள் பலிக்கவில்லை. நாளை மேகம் வந்தால் மாலை முறையும் போய்விடும். வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது."

அம்மா கேட்டது: "இப்போது வானம் எப்படி இருக்கிறது?"

"மூன்று நாளாகத் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது."

"அப்படியானால் போய்ச் சொல். உன் அப்பா பிடித்ததை வைத்துப் பந்தயம் கட்டினார். நீ பார்த்ததை வைத்துக் கட்டுகிறாய்."

சாயங்காலம் சருகுமான் அத்தி மரத்தடியில் போய் நின்றது.

"வா தங்கச்சி. அப்பா வைத்தது போதாதென்று நீயும் வந்துவிட்டாயா?" என்றது மரநாய்.

"நாளைக்குப் பள்ளத் திடல் ஆட்டம், மரநாய் அண்ணே. எங்கள் மாலை முறையை வைக்கிறேன். முதல் கோலைத் தவளைகள் போடும். இரண்டாம் பாதியில் தவளைகள் ஒரு கோலும் போடாது. உடும்புகள் ஜெயிக்கும்."

மரநாய் கிளையில் புரண்டு புரண்டு சிரித்தது. "முதல் கோல் போடுவது ஒருவர், ஜெயிப்பது இன்னொருவரா? அப்பனுக்குத் தப்பாத மகள். என்னிடம் சேர்ந்திருப்பது இருபத்தாறு முறை. உன்னுடையதையும் சேர்த்தால் சரியாக இருபத்தேழு. பலித்தால் அத்தனையும் உனக்கே. டேய் கரடி, முயலே, எல்லோரும் நாளைக் காலையில் பள்ளத் திடலுக்கு வாருங்கள். வேடிக்கை பார்க்கலாம்."

விடிந்தது. பள்ளத் திடலைச் சுற்றி முதன்முறையாகக் கூட்டம். பச்சைத் தவளை மூச்சிரைக்கத் தாவி வந்தது.

"விஷயம் கேள்விப்பட்டேன். வேண்டுமானால் இரண்டாம் பாதியில் நாங்கள் சும்மா நின்றுவிடட்டுமா? உன்னைத் தவிர யார் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள்?"

"வேண்டாம் அக்கா. உங்களால் முடிந்த அளவு நன்றாக ஆடுங்கள். நான் பார்த்தது உண்மையா பொய்யா என்று எனக்கும் தெரிய வேண்டும்."

ஆள்காட்டிக் குருவி கத்தியது. ஆட்டம் தொடங்கியது. உடும்புகள் இடம்விட்டு அசையவே நேரமாயிற்று. குட்டித் தவளை ஒன்று உடும்பின் முதுகில் ஏறித் தாவிப் பந்தை உள்ளே தள்ளியது. தவளை அணி ஒன்று, உடும்பு அணி சுழியம்.

"ஒன்று பலித்தது" என்றது கரடி.

"இன்னும் இரண்டு இருக்கின்றன" என்றது மரநாய். அது கொட்டாவி விட்டது.

இடைவேளை முடிந்தது. சூரியன் மலைமேல் ஏறியது. அதே நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளை மேகம் வந்து அதன் முன்னால் நின்றது. திடலில் மறுபடி நிழல் விழுந்தது. உடும்புகள் நிழலில் கிடந்தன. தவளைகள் துள்ளிக்கொண்டு முன்னேறின. பச்சைத் தவளை தன் பலம் முழுவதையும் கூட்டிப் பந்தை உதைத்தது. பந்து கோல்காப்பாளர் உடும்பைத் தாண்டிப் போயிற்று.

சருகுமான் கண்ணை மூடிக்கொண்டது.

டங் என்று மூங்கில் கம்பத்தின் சத்தம் கேட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது.

"கண்ணைத் திற தங்கச்சி, உள்ளே விழவில்லை" என்று கரடி அதன் காதில் சொன்னது.

மேகம் மெல்ல நகர்ந்தது. வெயில் முதலில் ஓர் உடும்பின் வாலைத் தொட்டது. பிறகு முதுகு, பிறகு தலை. அந்த உடும்பு தலையைத் தூக்கி நாக்கை நீட்டியது. மற்ற உடும்புகளும் எழுந்தன. அதுவரை கட்டையாகக் கிடந்தவை புழுதி பறக்க ஓடின. ஒரு கோல். தவளைகள் வாயைத் திறந்துகொண்டு நிழலைத் தேடின. மரநாய் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டது.

"டேய் தவளைகளா, ஓடுங்கடா" என்று கத்தியது.

"நீ வேண்டுமானால் வந்து ஓடிப் பார்" என்றது பச்சைத் தவளை.

இரண்டாவது கோலும் விழுந்தது. ஆள்காட்டிக் குருவி நீளமாகக் கத்தி ஆட்டத்தை முடித்தது. உடும்பு அணி இரண்டு, தவளை அணி ஒன்று.

காடு அதிர்ந்தது. முயல் குட்டிக்கரணம் போட்டது. கரடி சருகுமானைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. அப்பா சருகுமான் அழுதுகொண்டே சிரித்தது.

மரநாய் பின்பக்கமாக நழுவப் பார்த்தது. "இருபத்தேழு என்று நான் விளையாட்டுக்குத்தான்…"

"எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டுதானே சொன்னாய்?" என்றது காட்டுக்கோழி. கரடி மரநாயின் வாலை மிதித்துக்கொண்டு நின்றது.

மரநாய் இருபத்தாறு முறைகளையும் கொடுத்தது. கரடியின் தோளில் உட்கார்ந்தபடியே சருகுமான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. கரடியின் முறை கரடிக்கு, முயலின் முறை முயலுக்கு, காட்டுக்கோழியின் முறை காட்டுக்கோழிக்கு. இழந்த எல்லோருக்கும் இழந்தது கிடைத்தது.

"என் சொந்த முறை?" என்று மரநாய் முனகியது.

"அது பந்தயத்தில் வரவில்லை. உன்னிடமே இருக்கட்டும்" என்றது சருகுமான்.

கரடி தலையைச் சொறிந்தது. "தங்கச்சி, அடுத்த ஆட்டத்துக்கும் எனக்கு மட்டும் ஒரு மூன்று சொல் சொல்லேன்."

"ஒன்பது ஆட்டம் பார்த்துவிட்டு வாருங்கள் அண்ணே, பேசலாம்."

மறுநாள் காலையில் சுனையில் சருகுமான் குடும்பத்தின் முறை வந்தது. யாரும் கலக்காத தண்ணீரில் வானம் தெரிந்தது. அம்மா சருகுமான் முதலில் இறங்கி, வயிறு நிறையக் குடித்தது.

நீதி: நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நம்பாமல், நடப்பதைப் பொறுமையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவரே வெல்வார்.