கடாவுக்கு ஒரு வேலி

ஆசிரமத்து எருமைக்கடா இரண்டு முறை மூங்கில் வேலியை உடைத்து வெளியே போனது. இரண்டாம் முறை வழியில் வந்த ஒருவரை முட்டியது. அவர் பிழைக்கவில்லை.

“இனி அதை வெளியே கண்டால் வெட்டிவிடுவோம்” என்று ஊரார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கன்றிலிருந்து அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் மாசானம். கொல்லுப்பட்டறையை விட்டுவிட்டு வந்து சேர்ந்த சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். அவர் மூங்கிலைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கம்பங்களை நட்டார். மாட்டுப்பட்டி கட்டுகிறவர்களின் வழக்கப்படி ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு மணி கட்டினார். கடா எந்தக் கம்பத்தை முட்டினாலும் மணி காட்டிக்கொடுக்கும். உடனே ஓடிப்போய் அங்கே இன்னொரு இரும்புச் சட்டம் போட்டு இறுக்குவார்.

“பட்டி கட்டுகிறீரா, கோட்டை கட்டுகிறீரா?” என்று சமையற்காரர் கேலி செய்தார்.

“அவன் உயிரோடு இருக்கணும்ல?” என்றார் மாசானம்.

ஒருநாள் காலையிலிருந்து ஒரு மணியும் அடிக்கவில்லை. மதியம் மாசானம் சிரித்துக்கொண்டே குருவிடம் வந்தார்.

“சாமி, வேலி ஜெயித்துவிட்டது. முட்டுவதையே விட்டுவிட்டான்.”

“எந்தப் பக்கம் அதிகமாக முட்டினான்?”

“கிழக்கே. அங்கே சட்டம் இரட்டையாகப் போட்டிருக்கிறேன்.”

“கிழக்கே என்ன இருக்கிறது?”

“குளம். ஊர் எருமையெல்லாம் அதில்தான் கிடக்கும்.”

“இன்று தின்றானா?”

மாசானத்தின் சிரிப்பு நின்றது. “வைத்த புல் அப்படியே கிடக்கிறது, சாமி. நேற்று வைத்ததும்.”

இருவரும் பட்டிக்குப் போனார்கள். கடா நடுவில் படுத்திருந்தது. குளத்தில் ஓர் எருமை கத்தியது. கடாவின் காதுகூட அசையவில்லை.

“துணைக்கு ஓர் எருமையைக் கேட்டுப் பார்த்தீரா?”

“ஆளைக் கொன்ற கடாவிடம் யார் சாமி விடுவார்கள்?” மாசானம் தாழ்ப்பாளைப் பிடித்தார். “திறந்து விட்டுவிடட்டுமா?”

“விட்டால்?”

“வெட்டிவிடுவார்கள்.”

“விடாவிட்டால்?”

மாசானம் கிடந்த புல்லைப் பார்த்தார். “அப்படியானால் நான் என்னதான் செய்வது? சொல்லுங்கள் சாமி!”

குரு கதவைத் திறந்து உள்ளே போனார். ஆளைக் கண்டாலே கொம்பைத் தாழ்த்தும் கடா, தலையைத் தூக்கவில்லை. அவர் அதன் முதுகோரம் சேற்றில் உட்கார்ந்தார்.

“கதவைச் சாத்திவிட்டு நீரும் வாரும், மாசானம். இவன் இனம் வராது. நாமாவது இருப்போம்.”